ஆம்ஸ்ட்ராங்: ஸ்காட்லாந்துக்காரரா, இங்கிலாந்துக்காரரா?

வட இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு வேலைக்குப் போயிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது. அவர் அலுவலகத்தில் இரண்டு ஆம்ஸ்ட்ராங் இருக்கிறார்கள். ஒருவர், தான் ஸ்காட்லாந்துக் குலம் என்று மேஜைக்கு மேலே கட்டம்போட்ட துணியும் கேடயமும் மாட்டி வைத்திருக்கிறார். இன்னொருவர், நாங்கள் தலைமுறை தலைமுறையாக, இங்கிலாந்தின் எல்லையோரக் கம்பர்லாந்து, சுத்த இங்கிலீஷ் என்கிறார். ஊருக்குள் போனால் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆம்ஸ்ட்ராங் கட்டடம், கொஞ்சம் தள்ளி ஆம்ஸ்ட்ராங் பூங்கா. யார் சொல்வது சரி? போர்க்களத்தில் ராஜாவை ஒற்றைக் கையால் தூக்கியதால் வந்த பெயர் என்கிறார்களே, நிஜமா? நிலாவுக்குப் போனவர் இவர்களுக்குச் சொந்தமா? மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: குடும்பப் பெயரை வைத்து ஒருவர் எந்த மண், எந்த வம்சம் என்று சொல்லிவிட முடியுமா?

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. பிரிட்டனின் பழைய சர்ச் பதிவேடுகளைப் படம்பிடித்து அனுப்புவார்கள். அதைத் திரையில் பார்த்துப் பெயர், தேதி, தகப்பன் பெயர் என்று தட்டுகிற வேலை. சென்னையில் உட்கார்ந்து பதினான்கு வருஷம் செய்தேன். முதலில் தட்டினேன், பிறகு மற்றவர்கள் தட்டியதைச் சரிபார்த்தேன். அதற்காகப் படித்தது, அதில் கண் கெட்டது இரண்டும்தான் என் தகுதி. மரபணுச் சோதனை பற்றி மேலோட்டமாகத்தான் தெரியும். அதையும் கடைசியில் தொட்டுப் போகிறேன்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடலாம். ஆம்ஸ்ட்ராங் என்பது பட்டப்பெயர். ஆம் என்றால் கை, ஸ்ட்ராங் என்றால் வலு. கைவலுக்காரன். நம் ஊரில் ‘குட்டையன் வீடு’, ‘நொண்டி வாத்தியார் வீடு’ என்று சொல்லிச் சொல்லி, நொண்டி வாத்தியார் செத்து நாற்பது வருஷம் கழித்தும் பேரன் வீட்டுக்கு அதுவே அடையாளமாக நிற்கிறது இல்லையா, அதே கதைதான். நம்மிடம் அது பேச்சோடு நின்றுவிட்டது. தாளில் முதலெழுத்துப் போட்டுச் சமாளித்துக்கொண்டோம். அங்கே வரிக்கணக்கிலும் நீதிமன்ற ஏட்டிலும் ஏறி, மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. செஷயர் பக்கம் ஸ்ட்ராங்கிதார்ம் என்றே ஒரு குடும்பப் பெயர் உண்டு. பொருள் அதேதான், சொற்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. கைவலு உள்ளவன் ஒரு ஊரில் மட்டும் பிறப்பதில்லை என்பதால் இந்தப் பெயர் ஒரே ஒரு ஆளிடமிருந்து கிளம்பியிருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய ஆம்ஸ்ட்ராங்குகளில் ஒருவர் ஆதாம். 1235இல் கார்லைலில் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டதாகப் பதிவு. குற்றம், ஒருவன் சாவுக்குக் காரணமாக இருந்தது. குடும்ப வரலாறு கொலைக்கேசில் ஆரம்பிக்கிறதே என்று யாரும் சங்கடப்பட வேண்டாம். அந்தக் காலத்துச் சாமானியன் ஏட்டில் ஏற இரண்டே வழி, நிலம் வாங்க வேண்டும் அல்லது வழக்கில் சிக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது இடமும் வருஷமும்தான். கார்லைல் இங்கிலாந்தின் ஊர். இரண்டு ராஜ்யங்களும் உட்கார்ந்து ஏறக்குறைய இன்றைய எல்லைக்கோட்டை ஒப்புக்கொண்ட யார்க் ஒப்பந்தம் 1237இல்தான் வந்தது. அதாவது, எல்லை ஒப்பந்தமாவதற்கு இரண்டு வருஷம் முன்பே ஆம்ஸ்ட்ராங் ஏட்டில் இருக்கிறார். அவரைப் போய் நீ ஸ்காட்டா இங்கிலீஷா என்று கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது.

மொழியை வைத்தும் பிரிக்க முடியாது. ஸ்காட்லாந்து என்றதும் கேலிக் மொழி நினைவுக்கு வரும். அது வடக்கு மலைநாட்டின் மொழி. எல்லைப் பகுதியில் இருபுறமும் பேசியது பழைய வடக்கத்தி ஆங்கிலம்தான். அந்த வடக்கத்திப் பேச்சில் ஸ்ட்ராங் என்ற சொல்லை ‘ஸ்ட்ரேங்’ என்பதுபோல, ஆங்கில ‘ஏ’ எழுத்தின் உயிரோடு சொல்வார்கள், லாங் என்பதை லேங் என்பதுபோல. அதனால் பழைய ஏடுகளில் ஆம்ஸ்ட்ராங் என்பதைவிட ஆர்ம்ஸ்ட்ரேங், ஆர்மெஸ்ட்ரேங் என்றுதான் அதிகம் பார்க்கலாம். தெற்கத்தி எழுத்துமுறை பரவிய பிறகு ‘ஓ’ வந்து உட்கார்ந்தது. இதைப் பிடித்துக்கொண்டு, எங்கள் குடும்பம் ‘ஏ’ போட்ட குடும்பம், அவர்கள் ‘ஓ’ போட்ட குடும்பம், நாங்கள் வேறு என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் பார்த்த ஒரு பக்கத்தைக் காட்ட ஆசை. கம்பர்லாந்துப் பக்கம் ஒரு சின்னச் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடு. ஒரே தகப்பன், ஒரே தாய், ஆறு வருஷத்தில் மூன்று பிள்ளைகள். மூன்று பிள்ளைக்கும் மூன்று விதமாகக் குடும்பப் பெயர் எழுதியிருந்தார் பாதிரியார், ஒரே கையெழுத்தில். அந்தக் காலத்து எழுத்தில் எம், என், யூ எல்லாம் வரிசையாகக் குத்திவைத்த கம்பி மாதிரி இருக்கும். எத்தனை கம்பி என்று விரலை வைத்து எண்ணித்தான் படிக்க வேண்டும். ‘இருப்பதை அப்படியே தட்டு, திருத்தாதே’ என்பது எங்களுக்குச் சட்டம். அப்படியே தட்டினேன். இன்று யாராவது கணினியில் தேடினால் அந்த மூன்று குழந்தைகளும் மூன்று குடும்பமாகத்தான் தெரிவார்கள்.

இனி ராஜா கதை. ஃபேர்பேர்ன் என்ற வீரன், போரில் குதிரை இழந்து விழுந்த ராஜாவை ஒற்றைக் கையால் தொடையைப் பிடித்துத் தூக்கித் தன் குதிரைமேல் உட்கார வைத்தான். ராஜா மகிழ்ந்து எல்லையோரம் நிலமும் ஆம்ஸ்ட்ராங் என்ற பெயரும் கொடுத்தார் என்பது கதை. எந்த ராஜா, எந்தப் போர் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பெயருக்குப் பொருள் தெரிந்த பிறகு அதற்கேற்பக் கதை கட்டுவது அந்தப் பகுதியில் வழக்கம். அதே எல்லைக்காரர்களான டர்ன்புல் குடும்பம், ராபர்ட் புரூஸ் ராஜாவைக் குத்த வந்த காளையைத் திருப்பிவிட்டதால் எங்களுக்கு இந்தப் பெயர் என்று சொல்லும். ஆங்கிலத்தில் டர்ன் என்றால் திருப்பு, புல் என்றால் காளை. நம் ஊர்ப் பெயர்களுக்குத் தலபுராணம் எழுதியவர்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. இன்னொரு கதை, 1055இல் இறந்த நார்தம்பிரியா பிரபு சிவார்டின் வம்சம் என்பது. சிவார்ட் நிஜமான ஆள். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில்கூட வருவார். ‘வலியவன்’ என்று அவருக்குப் பட்டம் இருந்ததும் உண்மை. பட்டத்தின் பொருள் ஒத்துப்போகிறது என்பதைத் தவிர, அவரையும் ஆம்ஸ்ட்ராங்குகளையும் இணைக்க ஆதாரம் கிடையாது.

நிஜமான வரலாறு கட்டுக்கதையைவிடச் சுவையாக இருக்கும்போது கதை எதற்கு? லிடஸ்டேல் என்ற பள்ளத்தாக்கில், ஸ்காட்லாந்துப் பக்கம் எல்லையை ஒட்டி, ஆம்ஸ்ட்ராங்குகள் பெரும் கூட்டமாகக் கிளைத்தார்கள். மேங்கர்டன், விட்ஹாக், கில்நாக்கி என்று கிளைகள். தொழில்? விவசாயம், ஆடுமாடு, இருட்டினால் கொள்ளை. இந்தக் கொள்ளைக்காரர்களுக்கு ரீவர் என்று பெயர். 1296இல் தொடங்கிய இங்கிலாந்து–ஸ்காட்லாந்துப் போர்களில் இரண்டு படைகளும் மாறி மாறி அந்த மண்ணை எரித்தன. விதைத்ததை அறுப்போமா என்று தெரியாத இடத்தில், ஓட்டிக்கொண்டு ஓடக்கூடிய மாடுதான் சொத்து; பக்கத்துப் பள்ளத்தாக்கு மாடும் அதில் சேர்த்தி. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று நம் புறத்திணை சொல்வதை அவர்கள் முந்நூறு வருஷம் வாழ்ந்தே காட்டினார்கள். அங்கே கரந்தைக்குச் சட்டமே இருந்தது. மாடு போன ஆறு நாளுக்குள் எல்லை தாண்டித் துரத்தலாம். சட்டப்படி துரத்துகிறோம் என்று காட்ட, புகையும் புல்கரிக்கட்டி ஒன்றை ஈட்டி முனையில் குத்திப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். உன் மாட்டைத் தொட மாட்டேன் என்பதற்கு வாங்கும் மாமூலுக்குப் பெயர் பிளாக்மெயில். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் அந்தச் சொல் ஸ்காட்லாந்தின் இந்த மாதிரி ஊர்களில் பிறந்தது. அதிலுள்ள மெயில் தபால் இல்லை, குத்தகைப் பணம்.

கில்நாக்கி ஜானி ஆம்ஸ்ட்ராங் இப்படி மாமூல் வாங்கியே பிரபு மாதிரி வாழ்ந்தவர். 1530இல் ஸ்காட்லாந்தின் ஐந்தாம் ஜேம்ஸ், பதினெட்டு வயதுப் பையன், எல்லையை அடக்கக் கிளம்பி வந்தார். ஜானி தன் ஆட்களோடு ராஜாவைப் பார்க்கப் போனார். பாதுகாப்பு வாக்குறுதி கொடுத்து அழைத்தார்கள் என்று அவரைப் பற்றிய நாட்டுப்பாட்டு சொல்கிறது. அது பாட்டு மட்டும் சொல்வது. கேர்லன்ரிக் என்ற இடத்தில் அவரையும் கூட வந்தவர்களையும் தூக்கிலிட்டார்கள் என்பது உறுதி. கொன்றது ஸ்காட்லாந்து ராஜா. தான் இங்கிலாந்துக்காரனைத்தான் கொள்ளையடித்தேன், ஒரு ஸ்காட்டையும் தொட்டதில்லை என்று ஜானி வாதாடியதாக மரபு.

1596இல் இன்னொரு ஆம்ஸ்ட்ராங், கின்மாண்ட் வில்லி. இரு நாட்டு அதிகாரிகளும் வழக்குத் தீர்க்கக் கூடும் சமாதான நாளில், சட்டத்தை மீறி இங்கிலாந்து ஆட்கள் அவரைப் பிடித்துக் கார்லைல் கோட்டையில் அடைத்தார்கள். ஏப்ரல் மாதம் ஒரு மழை இரவில் ஸ்காட்லாந்துப் பக்கத்து பக்லூ பிரபு சுமார் எண்பது பேரோடு வந்து அவரை மீட்டுக்கொண்டு போய்விட்டார். கொண்டுவந்த ஏணி மதிலுக்கு எட்டவில்லை, பின்வாசலை உடைத்து நுழைந்தார்கள் என்பார்கள். எலிசபெத் மகாராணிக்கு வந்த கோபத்தில் இரண்டு நாட்டு உறவே ஆட்டம் கண்டது. எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. கோட்டைப் பொறுப்பில் இருந்த ஸ்க்ரோப் பிரபு, உள்ளிருந்து துப்புக் கொடுத்தவர்கள் இங்கிலாந்துப் பக்கத்து கிரஹாம்கள்தான் என்று புகார் எழுதினார். ஏன் கொடுக்க மாட்டார்கள்? கின்மாண்ட் வில்லியின் மனைவி கிரஹாம் வீட்டுப் பெண். மாப்பிள்ளையை விட்டுக்கொடுப்பார்களா?

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்த மண்ணில் ஒருவன் முதலில் ஆம்ஸ்ட்ராங், அல்லது கிரஹாம், அல்லது எலியட். பிறகு போனால் போகிறதென்று ஸ்காட் அல்லது இங்கிலீஷ். அரசு ஆவணங்களே அப்படித்தான் பேசின. குலம் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘குடும்பப்பெயர்’ என்ற சொல்லையே போட்டார்கள். 1587இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அடங்காத கூட்டங்களைப் பட்டியல் போட்டபோது, எல்லையின் நடுப் பிரிவுக்கு வந்த நான்கு பெயர்: எலியட், ஆம்ஸ்ட்ராங், நிக்சன், க்ரோசர். 1969இல் வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு நிக்சன் நிலாவில் நின்ற ஆம்ஸ்ட்ராங்கோடு தொலைபேசியில் பேசியதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பட்டியல்தான் ஞாபகம் வரும்.

ஒரே பள்ளத்தாக்கில் எல்லாரும் ஆம்ஸ்ட்ராங், எல்லாரும் ஜான் அல்லது வில்லியம் என்றால் எப்படித்தான் கூப்பிட்டார்கள்? மறுபடியும் பட்டப்பெயர். பொல்லாத வில், விரலில்லாத வில், மூக்கறுந்த கிளெம். அல்லது தாத்தா, அப்பா பெயர்களைச் சேர்த்து ‘கிப்பின் ஜார்ஜியின் பிரான்சிஸ்’ என்பது போல. மதுரைப் பக்கம் ஒரே தெருவில் நான்கு முத்துப்பாண்டி இருந்தால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

1603இல் ஸ்காட்லாந்து ராஜாவே இங்கிலாந்துக்கும் ராஜாவானதும் எல்லை என்பது நாட்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது. ரீவர்களுக்கு வேலை போயிற்று, பலருக்குக் கழுத்தும் போயிற்று. தப்பியவர்களில் நிறையப் பேர் கடல் தாண்டி அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டருக்குப் போனார்கள். ஃபர்மானா மாவட்டத்தில் இன்றும் ஆம்ஸ்ட்ராங், எலியட், ஜான்ஸ்டன் எல்லாம் சாதாரணமாகக் காணும் பெயர்கள். பல குடும்பங்கள் அங்கிருந்து 1700களில் அமெரிக்கா போயின. இன்னும் பலர் எல்லையின் தெற்கே கம்பர்லாந்து, நார்தம்பர்லாந்து, பிறகு நியூகாசிலை ஒட்டிய டைன் நதிக்கரைச் சுரங்கங்கள், தொழிற்சாலைகள் என்று வந்து சேர்ந்தார்கள். ஆகவே, உங்கள் அலுவலகத்து இரண்டு பேரும் சொல்வது ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். ஒன்று மட்டும் திருத்த வேண்டும்: மேஜைக்கு மேலே மாட்டியிருக்கும் சமாச்சாரம். குலத்துக்கொரு கட்டத்துணி என்பது பெரும்பாலும் 1800களின் ஏற்பாடு. கின்மாண்ட் வில்லி அதை உடுத்தியிருக்க வாய்ப்பில்லை. கேடயச் சின்னம் பெயருக்கு உரியதும் இல்லை, ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுக்கும் அளிப்பது. ஸ்காட்லாந்தில் இதைக் கவனிக்க லயன் பிரபு என்றொரு அதிகாரியும் அவருக்கு நீதிமன்ற அதிகாரமும் இன்றைக்கும் உண்டு. சுற்றுலாக் கடையில் பெயரைச் சொன்னதும் அச்சிட்டுக் கொடுக்கும் கேடயம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து, சொந்தமா என்ற கேள்வி. புகழ்பெற்ற ஆம்ஸ்ட்ராங்குகளை வரிசையாகப் பார்த்தாலே பெயர் எத்தனை வழியில் ஒருவரிடம் வரும் என்று தெரியும். நீல் ஆம்ஸ்ட்ராங், ஒஹையோவில் 1930இல் பிறந்தவர். அவர் தகப்பன் வழி இந்த எல்லைக் கூட்டத்தோடு பொருந்துவது. 1972இல் அவர் லிடஸ்டேலுக்குப் பக்கத்து ஊரான லாங்கமுக்கு வந்தபோது ஊரின் கௌரவக் குடிமகன் ஆக்கினார்கள். அகப்படும் ஆம்ஸ்ட்ராங்கைத் தூக்கில் போடலாம் என்ற நானூறு வருஷப் பழைய சட்டத்தையும் வேடிக்கைக்கு வாசித்துக் காட்டினார்கள். இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினத்தவர். அடிமைகளாக இருந்தவர்களின் குடும்பங்களுக்குப் பெயர் வந்த வழி பலது, பண்ணைக்காரன் பெயர் ஒட்டியதும் உண்டு, விடுதலைக்குப் பின் தாங்களே எடுத்துக்கொண்டதும் உண்டு. அதில் லிடஸ்டேலைத் தேடுவதில் அர்த்தமில்லை. இன்னொன்று, தான் 1900 ஜூலை 4இல் பிறந்ததாகத்தான் அவர் சொல்லி வந்தார். அவர் காலமான பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டில் 1901 ஆகஸ்ட் 4 என்று கண்டுபிடித்தார்கள். பதிவேடு பார்த்தே காலம் கழித்த எனக்கு இந்த மாதிரிச் செய்தி கேட்டால் ஒரு குஷி.

மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பிறந்தபோது அவர் பெயர் லான்ஸ் கண்டர்சன். அம்மாவின் இரண்டாம் கணவர் தத்தெடுத்ததால் ஆம்ஸ்ட்ராங் ஆனார். உங்கள் நியூகாசில் கட்டடத்துக்குப் பெயர் கொடுத்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங் (1810–1900), நீர்விசைப் பாரந்தூக்கியும் பீரங்கியும் செய்து பெரும் பணக்காரரானவர். அவர் அப்பா கார்லைலுக்கு அருகே உள்ள ரே என்ற கிராமத்திலிருந்து நியூகாசிலுக்குத் தானிய வியாபாரத்துக்கு வந்தவர். வில்லியமுக்குப் பிள்ளை இல்லை. சொத்து போனது சகோதரியின் பேரன் வாட்சனுக்கு. அவர் வாட்சன்-ஆம்ஸ்ட்ராங் என்று பெயரை நீட்டிக்கொண்டார். அயர்லாந்தில் இன்னொரு கூத்து. ‘வலியவன் மகன்’ என்று பொருள்படும் ஐரிஷ் குடும்பப் பெயர் ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் ட்ரெய்னர் என்று எழுதுவது. ஆங்கில ஆட்சியில் பெயரை மொழிபெயர்த்துக்கொண்ட சிலர் ஆம்ஸ்ட்ராங் ஆகிவிட்டார்கள். எல்லையை அவர்கள் பாட்டன் முப்பாட்டன் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். நம் ஊர் ஆம்ஸ்ட்ராங்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிலாவில் கால் வைத்தவர் நினைவாகப் பிள்ளைக்கு வைத்த பெயர், குடும்பப் பெயரே இல்லை.

நண்பர்களின் குடும்பத்தை நிஜமாகவே தேட வேண்டுமென்றால் பெயரிலிருந்து தொடங்காதீர்கள், தாத்தா பிறந்த ஊரிலிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1837இல் ஆரம்பம், ஸ்காட்லாந்தில் 1855இல். ஸ்காட்லாந்துப் பதிவில் பெற்றோரின் திருமண விவரம், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் இருக்கும். அந்த விஷயத்தில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதற்கு முன்பு சர்ச் பதிவேடுதான். இங்கிலாந்தில் 1538இல் உத்தரவு போட்டார்கள், ஆனால் எல்லையோரச் சர்ச்சுகளில் பெரும்பாலும் 1600களுக்குப் பிறகுதான் கைக்குக் கிடைக்கும். அயர்லாந்து வழி என்றால் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் நிறையப் போய்விட்டது. அங்கே பல குடும்பங்களின் நூல் அறுந்துவிடும். அறுந்த இடத்தில் கற்பனையால் முடிச்சுப் போட்டுத் தரும் இணையதளங்களிடம் காசு கொடுக்காதீர்கள். இரண்டு ஆம்ஸ்ட்ராங்கும் பங்காளிகளா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால், ஆண்வழி மரபணுச் சோதனை அதைச் சொல்லும் என்கிறார்கள். பங்காளி இல்லை என்று வந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம், பட்டப்பெயர் பல இடத்தில் பிறந்ததாலும் இருக்கலாம், நடுவில் ஒரு தத்துப்பிள்ளையாலும் இருக்கலாம்.

ஒரு விடுமுறை நாளில் அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கார்லைலிலிருந்து ஏ-7 சாலையில் வடக்கே போங்கள். முதலில் வில்லி தப்பித்த கோட்டை. கொஞ்ச தூரத்தில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கிடந்த நிலத்தை 1552இல் பிரித்து வெட்டிய ஸ்காட்ஸ் டைக் என்ற மண் வரப்பு. இன்று மரம் முளைத்து, காட்டினால்தான் தெரியும். அதைத் தாண்டிக் கில்நாக்கி கோபுரம், பிறகு லாங்கம். இன்னும் மேலே போனால் டெவியட்ஹெட், அங்கிருந்து பிரியும் சிறு சாலையில் கேர்லன்ரிக். சர்ச்சை ஒட்டி ஜானிக்கும் அவர் ஆட்களுக்கும் நினைவுக்கல் நிற்கிறது. கையோடு ஒரு குடை எடுத்துப் போங்கள், அந்தப் பக்கம் எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாது.